தேர்வை எடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா? ஒரு கணக்கு ஆசிரியரின் அனுபவம்

பள்ளியில் தேர்வே கூடாது என்று ஒரு கட்சி. தேர்வு இல்லாவிட்டால் ஒரு பிள்ளையும் புத்தகத்தைத் தொடாது என்று இன்னொரு கட்சி. பல வருடங்களாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தும் எனக்கு இரண்டு கட்சியிலும் நண்பர்கள் உண்டு. கவனித்துப் பார்த்தால், இரு தரப்பும் தேர்வு என்று சொல்லும்போது ஒன்றைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்: மணி அடித்து, வரிசையாக உட்காரவைத்து, எழுதவைத்து, திருத்தி, எண் போட்டு, ரேங்க் கட்டும் அந்தப் பெரிய ஏற்பாட்டை. தேர்வில் அது ஒரு வகை. அதை மட்டும் வைத்துக்கொண்டு வேண்டும், வேண்டாம் என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் தேர்வு வேண்டும். இப்போது இருப்பதைவிட அடிக்கடி வேண்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மதிப்பெண் போடக் கூடாது.

தசம எண்கள் பாடம் முடிந்ததும் நான் வகுப்பில் கேட்கும் இரண்டு கேள்விகள் இவை. 0.4, 0.35 இரண்டில் எது பெரியது? 0.3, 0.45 இரண்டில் எது பெரியது? இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று பெரியவர்களுக்குத் தோன்றும். ஒரு பையன் 0.35, 0.45 என்று எழுதுவான். ஏன் என்று கேட்டால், “நாலைவிட முப்பத்தைந்து பெரியதுதானே சார்” என்பான். புள்ளிக்குப் பின்னால் வருவதையும் அவன் முழு எண்ணாகவே படிக்கிறான். பக்கத்து வரிசையில் ஒரு பெண் 0.4, 0.3 என்று எழுதியிருப்பாள். அவள் சொல்லும் காரணம் வேறு: “பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சின்னது சார். அதனால் இலக்கம் கூடினால் எண் சின்னதாகிவிடும்.” பாதி சரியான ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தப்பான இடத்துக்குப் போயிருக்கிறாள்.

இப்போது திருத்துவோம். பையனுக்கு முதல் கேள்வி தவறு, இரண்டாவது சரி. பெண்ணுக்கு முதலாவது சரி, இரண்டாவது தவறு. இருவருக்கும் இரண்டுக்கு ஒன்று. பதிவேட்டில் இருவருக்கும் ஒரே எண். ஆனால் இருவரும் எதிரெதிர்த் திசையில் வழி தவறியிருக்கிறார்கள். முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் விழுந்திருக்கும். தசமம் புரிந்துவிட்டது என்று டிக் போட்டு அடுத்த பாடத்துக்கு நகர்ந்திருப்போம். சந்தேகம் இருந்தால் 0.3, 0.30 இரண்டில் எது பெரியது என்று மூன்றாவதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அவன் 0.30 என்பான், அவள் 0.3 என்பாள்.

கடைசியில் ஒரு சைபரைச் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கு என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. 0.40, 0.35 என்று எழுதினால் இருவரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள், தலைக்குள் எதுவும் மாறாமலே. நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலில் கரும்பலகையில் 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு கோடு, அதைப் பத்தாகப் பிரித்து, அதில் மூன்றுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட துண்டை மறுபடி பத்தாகப் பிரித்து, 0.35 எங்கே விழுகிறது என்று அவர்களையே வந்து குறிக்கச் சொல்வேன். அந்தப் பையன் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நாலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டதைப் பார்த்து முழிக்கிற முழி இருக்கிறதே, அந்த நேரத்தில்தான் பாடம் நடக்கிறது.

இதை நடத்திக் கொடுத்தது அந்த இரண்டு கேள்விகள். வகுப்பில் “புரிந்ததா?” என்று கேட்டிருந்தால் இரண்டு பேருமே தலையாட்டியிருப்பார்கள். பொய்யாக அல்ல, உண்மையாகவே புரிந்துவிட்டது என்று நினைத்துத்தான். ஒரு பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அதை வெளியே எடுத்துவைக்கச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்குப் பெயர்தான் தேர்வு. அந்த இரண்டுக்கு ஒன்று என்ற எண் இதில் எதற்கும் பயன்படவில்லை என்பதையும் கவனியுங்கள். இன்னும் சொன்னால், அது விஷயத்தை மூடி மறைத்தது.

தேர்வே இல்லாத பள்ளி எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கீழ் வகுப்புகளுக்கு எழுத்துத் தேர்வையே நிறுத்திப் பார்த்தார்கள். அதற்குப் பதிலாக பிராஜெக்ட், வாய்மொழிக் கேள்விகள், ஆசிரியரின் கவனிப்புக் குறிப்பு. நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தேர்வு நாள் காலையில் வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகள் குறைந்தார்கள். தவறான பதிலைச் சொல்லப் பயப்படாமல் கை தூக்கினார்கள். வகுப்பில் சத்தம் கூடியது, நல்ல சத்தம்.

அப்புறம் மெதுவாக வேறு விஷயங்கள் தெரிய ஆரம்பித்தன. பிராஜெக்ட்டுகள் வீட்டிலிருந்து வந்தன, அப்பாவின் கையெழுத்தோடு. நேரமும் வசதியும் படிப்பும் உள்ள வீட்டிலிருந்து வந்தவை கண்காட்சியில் வைக்கிற மாதிரி இருந்தன. அது இல்லாத வீட்டுப் பிள்ளை தானே கஷ்டப்பட்டுச் செய்துகொண்டு வந்த அட்டை மடங்கி, கோந்து வழிந்து கிடந்தது. இரண்டில் எதில் குழந்தையின் உழைப்பு இருந்தது என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். குறிப்பேட்டில் எழுதும்போது அழகாக இருந்ததற்குத்தான் நல்ல வார்த்தை விழுந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட பிறகு, வீட்டிலிருந்து எழுதி வருவதை வைத்து ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

கவனிப்புக் குறிப்பு கதை இன்னும் சுவாரசியமானது. ஒரு பெண் வாயே திறக்க மாட்டாள். கேட்டால் எழுந்து நிற்பாள், தரையைப் பார்ப்பாள், உட்காருவாள். அவள் பெயருக்கு நேரே ‘பங்கேற்பு குறைவு, உதவி தேவை’ என்று மூன்று ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். நான் ஒரு நாள் எல்லோருக்கும் ஒரு தாளைக் கொடுத்துச் சில பெருக்கல் கணக்குகளைப் போடச் சொன்னேன். 18 × 25 என்ற கணக்குக்கு அவள் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கவில்லை. 18-ஐப் பாதியாக்கி 9, 25-ஐ இரட்டிப்பாக்கி 50, விடை 450 என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். யாரும் சொல்லித்தராத வழி. பேச வராத பிள்ளைக்கு ஒரு வெள்ளைத் தாள் எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதைத் தேர்வை எதிர்ப்பவர்கள் யோசிப்பதே இல்லை.

ஆசிரியரின் பார்வை நடுநிலையானது, தேர்வுதான் கொடுமையானது என்று நினைப்பதில் இந்தச் சிக்கல் இருக்கிறது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இல் ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டிய மதிப்பீடுகள், நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயின. ஒருவரைப் பற்றி மொத்தமாக நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டால் எல்லாக் கட்டத்திலும் நல்லதே விழுகிறது. ஒளிவட்ட விளைவு என்று சொல்வார்கள். ஆசிரியர்களாகிய நாம் அதற்கு விதிவிலக்கு என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. பளிச்சென்று உடுத்தி, வணக்கம் சொல்லி, முதல் பெஞ்சில் உட்கார்ந்து கை தூக்கும் பிள்ளையைப் பற்றி நாம் கணக்கைத் தாண்டியும் நிறைய எழுதிவிடுகிறோம்.

வரலாற்றிலும் தேர்வு முதலில் வந்தது பெரும்பாலும் இப்படி ஆளைப் பார்த்து, சிபாரிசைப் பார்த்து முடிவெடுப்பதற்கு எதிராகத்தான். சீனாவில் அரசு வேலைக்கு எழுத்துத் தேர்வு வைக்கும் முறை சுயி வம்சக் காலத்தில், கி.பி. 605 வாக்கில் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1905-இல்தான் அதை ஒழித்தார்கள். பிறப்பைப் பார்க்காமல் எழுதியதைப் பார்ப்பது என்ற எண்ணம் அதில் இருந்தது. பெண்களுக்கு இடமில்லை, வருடக்கணக்கில் உட்கார்ந்து படிக்க வசதி இல்லாதவருக்கும் நடைமுறையில் இடமில்லை என்பது வேறு கதை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 1845-இல், வழக்கமான வாய்மொழித் தேர்வுக்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரே அச்சடித்த வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் மோசமாக வந்தன. உடனே அதை வைத்து ஆசிரியர்களைச் சாட ஆரம்பித்துவிட்டார்கள். தேர்வின் நல்லதும் கெட்டதும் ஒரே வருடத்திலேயே வெளிவந்துவிட்டன.

சரி, எழுத்துத் தேர்வு மட்டும் அவ்வளவு நியாயமானதா? விடைத்தாள் திருத்தியவர்களுக்கு உண்மை தெரியும். 1912, 1913 ஆண்டுகளில் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே விடைத்தாளின் நகலைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஆங்கிலத் தாளுக்கு வந்த மதிப்பெண்கள் எக்கச்சக்கமாக வேறுபட்டன. ஆங்கிலம் என்றால் அப்படித்தான், ரசனை சார்ந்தது என்று சொன்னவர்களுக்காக அடுத்து வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதில் வித்தியாசம் இன்னும் கூடியது: நூற்றுக்கு 28 போட்டவரும் உண்டு, அதே தாளுக்கு 90-க்கு மேல் போட்டவரும் உண்டு.

இதைப் படித்துவிட்டு எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் செய்து பார்த்தோம். பெயர் மறைத்த ஒரு விடையை, 5 மதிப்பெண் கணக்கு, நகலெடுத்துக் கணக்கு ஆசிரியர்கள் எல்லோருக்கும் கொடுத்தோம். வழிமுறை சரி, மூன்றாவது வரியில் ஒரு கழித்தல் குறி தொலைந்துபோய் விடை தப்பாக வந்திருந்தது. ஒருவர் 4 போட்டார். ஒருவர் 2 போட்டார். “விடை தப்பு என்றால் தப்புதான், பாலம் கட்டுகிறவன் குறியை விட்டால் என்ன ஆகும்” என்று அவர் வாதம். “பாலம் கட்டுகிறவர் நாலு பேரிடம் காட்டிச் சரிபார்ப்பார், இந்தப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரத்தில் பத்துக் கணக்கு” என்று இவர் வாதம். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். ஆனால் அன்றிலிருந்து நாங்கள் திருத்தும் விதம் மாறியது, அதை மட்டும் சொல்கிறேன்.

விடைக்குறிப்பை வினாத்தாள் தயாரிக்கும்போதே எழுதிவிடுகிறோம், எந்த வரிக்கு எவ்வளவு என்பது உட்பட. பெயர் எழுதிய முதல் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுத் திருத்துகிறோம். ஒரு பிள்ளையின் தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்தாமல், எல்லோருடைய முதல் கேள்வியையும் திருத்திவிட்டு, கட்டைக் கலைத்து அடுக்கி, பிறகு இரண்டாவது கேள்விக்குப் போகிறோம். முதல் பக்கத்தில் அழகான விடையைப் பார்த்த சந்தோஷத்தில் நாலாம் பக்கத்துத் தவறை மன்னிக்கும் பழக்கம் இதனால் பெருமளவு குறைந்தது. நேரம் கூடுதலாக ஆகும் என்று பயந்தோம், ஆகவில்லை. ஒரே கேள்வியைத் தொடர்ந்து பார்க்கும்போது கை வேகம் வந்துவிடுகிறது. இன்னொரு லாபமும் கிடைத்தது. நாற்பது பேர் ஒரே கேள்வியில் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது அடுத்தடுத்துப் பார்க்கும்போது கண்ணில் தெறிக்கிறது. அரை மதிப்பெண் சண்டை முழுதாக ஓயவில்லை. அது ஓயாது.

இனி மதிப்பெண் இல்லாத தேர்வு பற்றி. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் கரும்பலகையில் ஐந்து கேள்விகள் எழுதியிருக்கும். இரண்டு நேற்று நடத்தியது, இரண்டு போன வாரத்தது, ஒன்று எப்போதோ நடத்தி எல்லோரும் மறந்துவிட்டது. புத்தகம் மூடியிருக்க வேண்டும். ஏழெட்டு நிமிடம். பிறகு நான் விடையைச் சொல்ல, அவர்களே வேறு நிறப் பேனாவால் திருத்திக்கொள்வார்கள். நான் எதையும் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. யார் எத்தனை சரி என்று கேட்பதும் இல்லை. எந்தக் கேள்வியில் அதிகம் பேர் விழுந்தார்கள் என்று மட்டும் கை தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

இதைத் தொடங்கியபோது பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, “இதற்கு மார்க் உண்டா சார்?” இல்லை என்றதும் சிலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் அப்படித்தான் போனது. போன மாதத்துப் பாடம் தனக்கு இன்னும் நினைவிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சுவை பிடித்த பிறகு யாரும் மார்க்கைப் பற்றிக் கேட்கவில்லை. ஐந்தாவது கேள்விக்கு மட்டும் ‘பழைய கணக்கு’ என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதற்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். ஒரு சிலர் அதையே மறுபடி படித்தார்கள். ஒரு சிலர் மறுபடி படிக்காமல், நினைவில் இருப்பதைத் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னணி, 81 சதவீதம், மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. நினைவைத் தோண்டி எடுக்கும் செயலே நினைவைப் பலப்படுத்துகிறது. தேர்வு என்றால் படித்ததை அளப்பது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எழுதும்போதே அது படிப்பாகவும் ஆகிறது. மதிப்பெண் இதில் எங்கேயும் தேவைப்படவில்லை.

தேர்வுக்கு முந்தின இரவு புத்தகத்தை மூன்று முறை புரட்டிவிட்டு, எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையோடு வந்து, வினாத்தாளைப் பார்த்ததும் வெறுமையாகிப்போகும் பிள்ளைகளுக்கு நான் இந்த ஆய்வைக் கதையாகச் சொல்வதுண்டு. பார்த்தது பழகிய முகமாகத் தெரிகிறது, அதைத் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னால் அந்த மாயை இரண்டே நிமிடத்தில் கலைந்துவிடும். பெற்றோர் வீட்டிலேயே செய்யக்கூடியதும் இதுதான். படி, படி என்பதற்குப் பதில் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “என்ன படித்தாய், எனக்குச் சொல்” என்று கேட்டாலே போதும். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஐந்து கேள்விகளோடு சின்னதாக ஒன்றைச் சேர்த்தேன். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ‘உறுதி’ அல்லது ‘சந்தேகம்’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். சரியாகப் போட்டுவிட்டு சந்தேகம் என்று எழுதுகிற பிள்ளைக்கு வேண்டியது தைரியம். தப்பாகப் போட்டுவிட்டு உறுதி என்று எழுதுகிற பிள்ளையிடம்தான் வேலை இருக்கிறது. அவனோடு சண்டை போட வேண்டியிருக்கும் என்று நினைப்போம், நடப்பது வேறு. மிக உறுதியாக இருந்த ஒன்று தப்பென்று தெரியும்போது வரும் திடுக்கிடலில் சரியான விடை நன்றாகப் பதிந்துவிடுகிறது. பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் இதைச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். என் வகுப்பில் கணக்கெடுத்துப் பார்த்ததில்லை, ஆனால் “ஐயோ, இதை உறுதி என்று போட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்ட பிள்ளை அதே தவறோடு திரும்பி வருவது அபூர்வம்.

பெரிய தேர்வுகளுக்கு மதிப்பெண் போடாமல் இருக்க முடியாது, பள்ளி விடாது. அதனால் நான் செய்வது நேரத்தைத் தள்ளிப்போடுவது. திருத்திய தாளை முதலில் எண் இல்லாமல் கொடுப்பேன். ஓரத்தில் குறிப்பு மட்டும் இருக்கும். அந்த வகுப்பு முழுக்கக் குறிப்பைப் பார்த்துத் தாளைச் சரிசெய்வதற்கு. மதிப்பெண் அடுத்த வகுப்பில். எண்ணோடு கொடுத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: முதல் பார்வை எண்ணுக்கு, இரண்டாவது பார்வை பக்கத்து ஆளின் எண்ணுக்கு, மூன்றாவதாகத் தாள் நாலாக மடிந்து பைக்குள். நீங்கள் ராத்திரி உட்கார்ந்து சிவப்பு மையில் எழுதியதை ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1988-இல் இதைத்தான் ஆராய்ந்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் கருத்து மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்கள் நடுவில் இருப்பார்கள் என்றுதான் நானும் எதிர்பார்த்திருப்பேன். அவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண் வந்து உட்கார்ந்ததும் கருத்து காணாமல்போகிறது.

கருத்து என்றால் என்ன எழுதுவது என்பதையும் சொல்ல வேண்டும். ‘கவனம் தேவை’, ‘முயற்சி செய்’, ‘நன்று’ என்பவை கருத்தில் சேராது. அவற்றைப் படித்துவிட்டுப் பிள்ளை செய்ய ஒன்றும் இல்லை. ‘7-ஆம் கணக்கில் ஒரு வரியில் குறி மாறிவிட்டது, எந்த வரி என்று கண்டுபிடி’ என்றால் வேலை இருக்கிறது. ‘இந்த ஐந்தில் இரண்டு தவறு, எவை என்று நான் சொல்லப்போவதில்லை’ என்றால் இன்னும் நல்ல வேலை. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் வேலை வேண்டும்: ‘இதே விடை வரும்படி வேறு ஒரு கணக்கை நீயே அமைத்துக் காட்டு.’ அவர்கள்தான் இதில் அதிகம் திணறுவார்கள், அதைப் பார்க்க மற்றவர்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

பெற்றோரிடம் ஆரம்பத்தில் எதிர்ப்பு இருந்தது. “மார்க் தெரியாமல் எப்படி சார் கண்டிப்பது?” என்று ஒருவர் நேராகவே கேட்டார். நேர்மையான கேள்வி. மகனின் தாளை எடுத்துப் பிரித்துவைத்து, பின்னங்களைக் கூட்டும்போது 1/2 + 1/3 = 2/5 என்று மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டியிருப்பதைக் காட்டினேன். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறைந்துபோகுமா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் தாளையே பார்த்துவிட்டு, “இதை நான் வீட்டில் சொல்லித்தர முடியும்” என்றார். நூற்றுக்கு 46 என்று சொல்லியிருந்தால் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான், அதை அவரே முதலில் சொல்லிவிட்டார்.

மதிப்பெண் வகுப்பைத் தாண்டி வெளியே போகும்போது வேறு மாதிரிக் கேடு வருகிறது. எந்த ஆசிரியரின் வகுப்பில் சராசரி எவ்வளவு, எந்தப் பள்ளி மேலே, எது கீழே என்று அதையே வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால், கேள்வித்தாளின் அளவுக்குப் பாடத்திட்டம் சுருங்கிவிடும். எந்தப் பாடத்திலிருந்து கேள்வி வராதோ அந்தப் பாடத்தை ‘வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லித் தாண்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலாளர் 1970-களிலேயே இதை எழுதிவைத்தார்: ஓர் அளவீட்டை முடிவெடுக்கப் பயன்படுத்தும் அளவு கூடக்கூட, அந்த அளவீடு கெட்டுப்போகும், அது அளக்க வந்த விஷயத்தையும் கெடுக்கும். பள்ளித் தேர்வுகளையே உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் யாராவது பின்லாந்தைப் பாருங்கள், அங்கே தேர்வே இல்லை என்பார்கள். அது பாதி உண்மை. மேல்நிலைக் கல்வி முடிவில் வரும் மெட்ரிகுலேஷன் தேர்வுவரை எல்லோரும் எழுத வேண்டிய தேசியத் தேர்வு அங்கே இல்லை. ஆனால் வகுப்பு ஆசிரியர்கள் தாங்களே தேர்வு வைக்கிறார்கள், மதிப்பிடுகிறார்கள். நாட்டின் கல்வித்தரத்தைத் தெரிந்துகொள்ள மாதிரிக்குச் சில பள்ளிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். நாடு முழுக்க எப்படிப் படிக்கிறது என்று அறிய ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைக்க வேண்டியதில்லை என்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

கடைசியாக, தேர்வு பயம். பயமே கூடாது என்று நான் நினைக்கவில்லை, ஓரளவு படபடப்பு எல்லோருக்கும் வரும். ஒரே நாள், ஒரே வாய்ப்பு, தவறினால் தவறியதுதான் என்ற அமைப்புதான் பிள்ளைகளை நடுங்கவைக்கிறது. இடம் குறைவு, விண்ணப்பம் அதிகம் என்ற நிலை உள்ளவரை அப்படிப்பட்ட பெரிய தேர்வுகள் எங்கும் இருக்கத்தான் செய்யும். அங்கேயும் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்புக் கொடுப்பது நல்லது என்பேன். பள்ளிக்குள் நடக்கும் அலகுத் தேர்வுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் மறுதேர்வு வைக்க ஆரம்பித்தேன்.

விதிகள் சுலபம். மறுபடி எழுத விரும்புகிறவர் முதல் தாளின் எல்லாத் தவறுகளையும் சரிசெய்து, எங்கே தவறியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிக் கொண்டுவர வேண்டும். அதுதான் நுழைவுச்சீட்டு. இரண்டாவது முறை எடுத்த மதிப்பெண்ணே பதிவேட்டில் ஏறும். இரண்டின் சராசரி கிடையாது. மெதுவாகக் கற்றவருக்கு ஏன் அபராதம் போட வேண்டும்? மூன்றாவது வாய்ப்பு இல்லை. இதை ஸ்டாஃப் ரூமில் சொன்னதும், “அப்படியென்றால் முதல் தடவை ஒருவரும் படிக்க மாட்டார்கள்” என்றார் ஒரு சக ஆசிரியை. சில பிள்ளைகள் அப்படி முயன்றுதான் பார்த்தார்கள். தவறுகளைச் சரிசெய்து, காரணம் எழுதி, மறுபடி படித்து, மதிய இடைவேளையில் வந்து எழுதுவதைவிட முதல் தடவையே படித்துவிடுவது லாபம் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. அந்த ஆசிரியை இப்போது அறிவியலுக்கும் இதையே வைத்திருக்கிறார், நுழைவுச்சீட்டு விதியை என்னைவிடக் கடுமையாக.

தொந்தரவு ஒன்று உண்டு, இரண்டாவது வினாத்தாள். பழைய தாளிலேயே எண்களை மாற்றிக் கொடுப்பதுதான் வழி. எண்ணை மாற்றும்போது கணக்கின் கடினமும் மாறிவிடும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 3/4-லிருந்து 1/4-ஐக் கழிப்பதும் 3/4-லிருந்து 2/5-ஐக் கழிப்பதும் தாளில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்றில் பொதுப் பகுதி தேட வேண்டியதில்லை, இன்னொன்றில் 20 என்று கண்டுபிடித்தாக வேண்டும். நான் இரண்டு தாளையும் முதலிலேயே சேர்த்துத் தயாரித்து, நானே நேரம் வைத்து எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.